கரும்பாலை இடிபாட்டைத் தோண்டுவது எப்படி: ஒரு கோயில் குழுவின் கேள்விக்கு விரிவான பதில்

கேள்வி இது. தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வடக்கே, கரும்புக் காட்டை ஒட்டி ஒரு கோயில் குழு நிலம் வாங்கியிருக்கிறது. நிலத்தின் மூலையில் பாதி இடிந்த செங்கல் புகைபோக்கி. அதன் காலடியில் கனத்த கற்சுவர்கள், துருப்பிடித்த போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கல்மேடை. கல்யாண மண்டபம் கட்டுமுன் அங்கே தோண்டிப் பார்க்கலாமா, யார் தோண்டுவது, என்ன கிடைக்கும், எத்தனை நாள் பிடிக்கும்?

முதலில் சட்டம். அதில் தவறினால் மற்றதெல்லாம் வீண். குழுவினர் தாங்களே மண்வெட்டி எடுக்கக் கூடாது. 1999ஆம் ஆண்டின் தேசிய மரபு வளச் சட்டத்தின் 34ஆம் பிரிவு 60 ஆண்டு கடந்த கட்டடங்களைக் காக்கிறது. 35ஆம் பிரிவு, 100 ஆண்டு கடந்து பயன்பாடற்றுக் கிடக்கும் தொல்பொருள்களையும் தலங்களையும் காக்கிறது. பழைய ஆலை பெரும்பாலும் இரண்டுக்குள்ளும் வரும். பலருக்குத் தெரியாத ஒன்று: அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டரை அந்த இடத்துக்குக் கொண்டுபோவதே குற்றம். இன்னொன்று: மண்ணுக்கடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசின் சொத்து, நிலச் சொந்தக்காரருடையது அல்ல. க்வாசுலு-நட்டாலில் அனுமதி கொடுப்பது மாகாணத்தின் மரபுக் காப்பு நிறுவனமான அமாஃபா. விண்ணப்பம் சாரிஸ் என்ற இணையத் தளம் வழியாகப் போகிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதித் தொழில்முறைத் தொல்லியலாளர் சங்கமான அசாபாவில் பதிவுபெற்ற ஒருவரின் பெயரில்தான் அது போக வேண்டும். கிடைக்கும் பொருள்களை ஏற்றுக்கொள்வதாக ஒரு அருங்காட்சியகத்தின் கடிதமும் கூடவே வேண்டும். இந்த மாகாணத்தில் பெரும்பாலும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள க்வாசுலு-நட்டால் அருங்காட்சியகம். கட்டுமானத்தால் மாறப்போகும் நிலம் 5,000 சதுர மீட்டரைத் தாண்டினால் 38ஆம் பிரிவின்படி மரபுத் தாக்க மதிப்பீடும் கேட்பார்கள். வாகன நிறுத்தத்தையும் சேர்த்தால் ஒரு மண்டபம் அந்த அளவை எளிதில் தொட்டுவிடும்.

இனி, என்ன கிடைக்கும் என்பதற்கு வருவோம். எந்திரம் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். 1850களின் தொடக்கத்தில் காம்பன்சேஷன் என்ற தோட்டத்தில் எட்மண்ட் மோர்வுட் நட்டாலின் முதல் சர்க்கரையை எடுத்த பிறகு கரையோரம் நெடுகச் சிறு ஆலைகள் முளைத்தன. பிறகு பெரிய மத்திய ஆலைகள் வந்து அவற்றை ஒவ்வொன்றாக விழுங்கின. மூடிய ஆலையின் கரும்பு பிழியும் உருளை பக்கத்து ஆலைக்குப் போகும், கொதிகலன் மரவாடிக்குப் போகும், மிச்சம் பழைய இரும்புக்குப் போகும். ஆனால் இரும்பு போனாலும் அது உட்கார்ந்த இடம் போகாது. இரண்டரை டன் எடையுள்ள உருளையை வெறும் தரையில் வைக்க முடியாது. அதற்கென்று கட்டிய மேடை, மேடைக்குள் இறங்கிய போல்ட் துளை, சக்கரம் சுழன்ற பள்ளம், நெருப்பு ஓடிய பாதை எல்லாம் அப்படியே இருக்கும். ஆலை அகழாய்வு என்பது பெரும்பாலும் ஓட்டைகளைப் படிக்கும் வேலை. பொருள் தேடிப் போகிறவர்கள் அந்த ஓட்டைகளைத்தான் முதலில் சிதைப்பார்கள்.

மண்ணைத் தொடுமுன் காகிதத்தைத் தொடுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் தலைமை நில அளவர் அலுவலகத்தின் பழைய நில வரைபடங்கள், அதே ஊரின் ஆவணக் காப்பகம், கேப் டவுனின் மோப்ரே பகுதியில் உள்ள தேசிய புவித்தகவல் அலுவலகத்தின் பழைய வான்படங்கள் (1930கள் முதல் உண்டு) ஆகிய மூன்றும் அவசியம். வான்படத்தில் புகைபோக்கியின் நிழல் விழுந்த திசை, கரும்பு நடாமல் விட்ட திட்டுகள், பழைய டிராம் பாதையின் வளைவு தெரியும். தரையில் அவை மறைந்திருக்கும். நாலாவது ஒன்றும் உண்டு. நம்மவர்களுக்கு அதுதான் பெரிய கொடுப்பினை. 1860 முதல் 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் கப்பல் பதிவேடுகளில் ஒவ்வொருவரின் எண், வயது, ஊர், மாவட்டம் ஆகியவற்றோடு எந்த முதலாளியிடம் அனுப்பப்பட்டார் என்பதும் எழுதியிருக்கிறது. தோட்டத்தின் பெயரையோ முதலாளியின் பெயரையோ வைத்துத் தேடினால் அந்த ஆலையில் வேலை செய்தவர்களின் பட்டியலையே எடுத்துவிடலாம். க்வாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கேளுங்கள்.

காடு வெட்டும்போதே பாதிச் சேதம் நடந்துவிடும். உண்ணிச்செடியையும் அத்திக் கன்றையும் வேரோடு பிடுங்காதீர்கள். தரைமட்டத்தில் அறுத்து, அறுத்த முகத்தில் களைக்கொல்லி தடவி, வேரைச் சாகவிடுங்கள். காட்டத்தியின் வேர் சுண்ணாம்புக் காரைக்குள் நரம்புபோல் ஓடியிருக்கும். இழுத்தால் சுவர் கூடவே வரும். துப்பும் நாகமும் மாம்பாவும் கல் இடுக்கில் இருக்கும், புகைபோக்கிக்குள் தேனீ இருக்கும். நீண்ட பூட்ஸ், கண்ணாடி, பாம்பு பிடிப்பவரின் தொலைபேசி எண் இல்லாமல் முதல் நாள் வேலை தொடங்கக் கூடாது.

புகைபோக்கியைப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை அதன் உயரத்துக்குச் சமமான தூரத்தை வெளி எல்லையாக வைத்துக் கயிறு கட்டுங்கள். மின்னலில் பிளந்து, மேல் வரிசைகள் காரையில்லாமல் வெறும் எடையில் நிற்கும் புகைபோக்கிகள் உண்டு. பார்த்த பிறகும் அதன் அடித்தளத்தின் அடிமட்டத்துக்குக் கீழே ஒட்டித் தோண்டக் கூடாது.

அளவை வேலைக்கு தென்னாப்பிரிக்காவின் அரசு நில அளவை முறையான ஹார்ட்டபீஸ்ட்ஹுக் 94 ஆயத்தளம்; அதில் டர்பன் பகுதிக்கு உரிய பட்டை லோ 31. எல்லாவற்றையும் அதில் கட்டிவிட்டால் பழைய நில வரைபடமும் வான்படமும் உங்கள் குழியும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும். 5 மீட்டர் கட்டங்கள் போதும். புவி இயற்பியல் கருவிகளில் காந்தமானி இங்கே ஏமாற்றும். சுட்ட செங்கல், போல்ட், தகரக் கூரைத் துண்டு எல்லாம் ஒரே கூச்சலாகப் பதிவாகும். குடியிருப்புப் பகுதிக்கு அது நல்லது, ஆலைக்கு அல்ல. தரை ஊடுருவும் ராடார் காய்ந்த மணலில் நன்றாக வேலை செய்யும், களிமண்ணில் குருடாகிவிடும்.

தோண்டும் காலம் மே முதல் ஆகஸ்ட் வரை. மழை குறைவு, புல் தாழ்ந்திருக்கும். ஆனால் வடகரையில் பல இடங்களில் மண் பெரீயா சிவப்பு மணல். ஈரத்தில் செங்குத்தாக நிற்கும் அதே மண் காய்ந்ததும் சர்க்கரைபோல் சரியும். குழியின் பக்கச் சுவர்களுக்குக் காலையும் மாலையும் கைத்தெளிப்பானால் நீர் தெளியுங்கள். 1.5 மீட்டரைத் தாண்டும் குழிக்கு முட்டுக் கொடுக்கவோ, படிப்படியாக அகற்றி வெட்டவோ வேண்டும்.

எங்கே வெட்டுவது? புகைபோக்கி கண்ணில் படுவதால் எல்லோரும் அங்கேயே தொடங்குவார்கள். அது கடைசி. ஆலைக்குள் மூன்று ஓட்டங்கள் உண்டு: கரும்பும் சாறும் ஓடிய வழி, நெருப்பு ஓடிய வழி, விசை ஓடிய வழி. சாறு தானாக இறங்க வேண்டும் என்பதால் பெரும்பாலான ஆலைகள் சரிவில்தான் இருக்கும்: மேலே கரும்பு முற்றமும் உருளையும், அடுத்துக் காய்ச்சும் வீடு, கீழே சர்க்கரையிலிருந்து பாகு வடியும் வீடு. இந்தச் சரிவின் நெடுக 2 மீட்டர் அகலத்தில் ஒரே நீளக்குழி வெட்டினால் முழு ஆலையின் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். பிறகு எது கேள்வியாக நிற்கிறதோ அங்கே அகலப்படுத்தலாம். சுவரைப் பிடித்துக்கொண்டே ஓரமாகத் தோண்டிச் செல்வது பழைய வழக்கம். அது சுவரையும் தரையையும் இணைக்கும் மண்ணடுக்கை அறுத்துவிடும். அதன் பிறகு எந்தத் தரை எந்தச் சுவருக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது.

மேல்மண்ணைப் பற்களில்லாத வாளி பூட்டிய எந்திரத்தால் 10 சென்டிமீட்டர் கனத்தில் சீவலாம், பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்தபடி. அதன் கீழ் இடிபாடு வரும். இடிபாட்டைக் குப்பை என்று அள்ளி எறியாதீர்கள். முழுச் செங்கல் ஒன்றும் இல்லாமல் வெறும் சுண்ணாம்புக் காரைக் குவியல் மட்டும் கிடந்தால், யாரோ செங்கல்லைச் சுரண்டிச் சுத்தம் செய்து வேறெங்கோ வீடு கட்ட எடுத்துப் போயிருக்கிறார்கள். சுவர் இருந்த இடத்தில் கலங்கலான மண் நிரம்பிய நேர்கோட்டுப் பள்ளம் இருந்தால் அடித்தளத்தையே பிடுங்கியிருக்கிறார்கள். அந்தப் பள்ளமே சுவரின் வரைபடம். ஒவ்வொரு அடுக்குக்கும் தனி எண், தனித் தாள், தனிப் படம். எது எதன் மேல் என்பதை அன்றன்றே ஹாரிஸ் அட்டவணையில் வரைந்துவிடுங்கள். வாரக் கடைசியில் வரையலாம் என்று விட்டால் நினைவு ஏமாற்றும்.

இப்போது அந்த போல்ட் மேடை. மூன்று உருளை ஆலையில் கீழே இரண்டு, மேலே ஒன்று. மூன்றும் கனத்த வார்ப்பிரும்புத் தாங்கிகளில், அந்தத் தாங்கிகள் ஒரு பெரிய படுகைத் தகட்டில். படுகையைக் கல்மேடையோடு இறுக்கியவைதான் உங்கள் போல்ட்டுகள். அவற்றின் இடைவெளிகளை மில்லிமீட்டரில் அளந்து, பிறகு 25.4ஆல் வகுத்து அங்குலத்தில் படியுங்கள். 914 என்று வந்தால் அது 3 அடி. பிரிட்டிஷ் எந்திரம் என்றால் எண்கள் அடி, அங்குலத்தில் வட்டமாக வரும். ரீயூனியனிலும் மொரிஷியசிலும் பாரிஸின் டெரோன்-காய் நிறுவன எந்திரங்களின் மேடைகளில் மீட்டர்க் கணக்கு வட்டமாக வரும். போல்ட்டின் புரியையும் எண்ணுங்கள்: விட்வொர்த் என்ற பிரிட்டிஷ் திருகுப்புரி முறையில் 1 அங்குல போல்ட்டுக்கு அங்குலத்துக்கு 8 புரி, 1½ அங்குலத்துக்கு 6, 2 அங்குலத்துக்கு 4½. இந்த முறை 1841இல் வந்தது. ஒத்துவராத புரி உள்ள போல்ட் பழையதாகவோ உள்ளூர்க் கொல்லர் செய்ததாகவோ இருக்கலாம். போல்ட்டுகள் மேடைக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றன என்பதும் முக்கியம். பெரிய மேடைகளில் அடியில் ஆள் நுழையும் சிறு சுரங்கம் இருக்கும், போல்ட்டின் அடிமுனை ஆப்பை மாற்றுவதற்காக. அதன் வாயை மண் மூடியிருக்கும். தேடுங்கள்.

மேடைக்குப் பக்கத்தில் ஒடுங்கிய, ஆழமான, நீண்ட பள்ளம் இருந்தால் அது சக்கரப் பள்ளம். நீராவி எந்திரத்தின் கனத்த சுழல்சக்கரத்தின் (ஃப்ளைவீல்) அடிப்பகுதி தரைக்குக் கீழே சுழன்றது. பள்ளத்தின் அடி வளைவாக இருந்தால் சக்கரத்தின் அளவையே கணக்கிடலாம். மேல்விளிம்பு நீளத்தில் பாதியை அதனாலேயே பெருக்கி, நடு ஆழத்தால் வகுத்து, அந்த ஆழத்தைக் கூட்டுங்கள். நீளம் 4 மீட்டர், ஆழம் 1 மீட்டர் என்றால் 2 × 2 ÷ 1 + 1 = 5 மீட்டர் விட்டம். சுற்றி விட்ட இடைவெளிக்கு 20, 30 சென்டிமீட்டர் கழியுங்கள். அடி சமமாக இருந்தால் பக்கச் சுவரில் எண்ணெயும் அழுக்கும் வில்போல் படிந்திருக்கிறதா என்று சாய்வெளிச்சத்தில் பாருங்கள். அதிலிருந்தும் இதே கணக்குப் போடலாம். பள்ளத்தின் அடியில் இறுகிக் கிடக்கும் கறுப்புப் படிவு பழைய மசகெண்ணெய். ஒரு கண்ணாடிக் குப்பியில் 100 கிராம் எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக்கில் போட்டால் ஆய்வு கெட்டுவிடும்.

இந்த அகழாய்வின் சுவையான பகுதி காய்ச்சும் வீடு. ஊரில் வெல்லம் காய்ச்சும் அடுப்பைப் பார்த்தவருக்கு ஒரு கொப்பரை, ஒரு அடுப்பு என்பது தெரியும். இங்கே நாலைந்து கொப்பரைகள் ஒரே வரிசையில், ஒரே நெருப்பின் மேல். நெருப்பு எரிவது மிகச் சிறிய கொப்பரையின் கீழே. அதன் சூடு அடுத்தடுத்த கொப்பரைகளின் அடியில் ஓடி, மிகப் பெரிய கொப்பரையையும் தாண்டிப் புகைபோக்கிக்குப் போகும். சாறு எதிர்த்திசையில் வரும்: பெரியதில் சுண்ணாம்பு சேர்த்துச் சுத்தமாகி, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீண்ட அகப்பையால் மாற்றப்பட்டு, கடைசிச் சிறு கொப்பரையில் பாகு பதம் வரும். கொப்பரை ஒன்றுகூட மிஞ்சாவிட்டாலும் புகைப்பாதையின் தரை எல்லாவற்றையும் சொல்லிவிடும். நெருப்புக்கு அருகே செங்கல் உருகிக் கண்ணாடிபோல் பளபளக்கும். தள்ளிப் போகப் போக அடர்சிவப்பு, வெளிர்சிவப்பு, கடைசியில் சூடு ஏறாத செங்கல் மேல் வெறும் கரி. எனவே புகைப்பாதையைச் சட்டியால் வாரிச் சுத்தம் செய்து படம் எடுப்பதுபோல் ஒரு பாவம் இல்லை. முதலில் 1 மீட்டருக்கு ஒன்றாகக் குறுக்கே வெட்டி, அடுக்கை வரைந்து, சாம்பலை மாதிரி எடுக்க வேண்டும். கரும்புச் சக்கை எரிந்த சாம்பலில் சிலிக்கா நுண்துகள்கள் இருக்கும்; விறகுக் கரியில் மர இனம் தெரியும்; நிலக்கரி என்றால் கண்ணாடிக் கட்டிகள். வடநட்டாலின் டன்டீ நிலக்கரிக்கு இரயில் வந்தது 1890ஐ ஒட்டித்தான்; அதற்கு முன்னர் எரிந்த நிலக்கரி பெரும்பாலும் கப்பலில் வந்தது. சக்கைச் சாம்பலின் மேல் நிலக்கரிச் சாம்பல் படிந்திருந்தால் ஆலையின் வரலாற்றில் ஒரு மாறுதல் நடந்திருக்கிறது. அதற்கு மேலே மறுபடியும் வெறும் சக்கை வந்தால், ஈரச் சக்கையையே எரிக்கும் உலை பின்னால் வந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். அதற்கு முன்பு சக்கையை வெயிலில் உலர்த்தியாக வேண்டும்; அதற்காகவே ஆலையைவிடப் பெரிய வெற்றுமுற்றம் இருந்தது. அந்த முற்றத்தில் தோண்ட ஒன்றும் இல்லை, ஆனால் அதன் எல்லையைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இணையான இரண்டு செங்கல் சுவர்கள், நடுவே புகைவழி, முன்னால் சிறு குழி என்றால் அது கொதிகலன் படுக்கை. முன்குழி கொதிகலனின் அழுக்குநீரை வெளியேற்ற. தீச்செங்கல்லில் முத்திரை இருக்கும். ஸ்காட்லாந்தின் கிளென்பாய்க் முத்திரை உலகெங்கும் போன ஒன்று. முத்திரையுள்ள ஒவ்வொரு வகையிலும் மூன்று கல் எடுத்து வைத்தால் போதும், வண்டிவண்டியாகச் சேர்க்க வேண்டாம். பித்தளைப் பெயர்த்தகடு கிடைத்தால் அதிர்ஷ்டம். மிர்லீஸ் வாட்சன் போன்ற கிளாஸ்கோ நிறுவனம் என்றால் அந்த ஊர்ப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் நிறுவனப் பதிவுகள் உள்ளன. எண்ணைக் கொடுத்தால் எந்த ஆண்டு யாருக்குப் போன எந்திரம் என்று தேடலாம்.

பாகு வடியும் வீட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாய்ந்த தரை, அடியில் பூச்சுப் பூசிய தொட்டி, தொட்டியின் அடியில் கறுப்புப் பிசுக்கு. பாகைச் சுழற்றிப் பிரிக்கும் மைய விலக்கு எந்திரம் வந்த பிறகு இந்தத் தொட்டிகளை நிரப்பிக் கட்டிவிட்டிருப்பார்கள், எனவே நிரப்பிய மண்ணில் உள்ள பாட்டில் துண்டுகள் அந்த மாற்றத்தின் காலத்தைத் தரும். பாட்டில் வாய் வரை அச்சுக்கோடு ஓடினால் அது எந்திரத்தில் ஊதியது, 1903க்குப் பிந்தியது.

ஆபத்துகளில் இரண்டு கண்ணுக்குத் தெரியாதவை. நீராவிக் குழாய்களைச் சுற்றிய வெள்ளைப் பஞ்சுபோன்ற பூச்சு அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம், கூரைத் தகடும் அப்படியே. கண்டதும் நனைத்து, மூடி, பதிவுபெற்ற ஒப்பந்தக்காரரை அழையுங்கள். இரண்டாவது இன்னும் மோசம். 1900களில் கால்நடைக்குக் கிழக்குக் கரைக் காய்ச்சல் வந்தபோது உண்ணியைக் கொல்ல மாடுகளை ஆர்செனிக் கரைசலில் முக்கினார்கள். வண்டி இழுத்த மாடுகளை வைத்திருந்த தோட்டங்களிலும் அந்த முக்குத்தொட்டி இருந்திருக்கும். ஒரு மீட்டர் அகலம், பத்துப் பதினைந்து மீட்டர் நீளம், ஆழம், ஒரு முனையில் படி. பார்வைக்குப் புகைப்பாதை மாதிரியோ சக்கரப் பள்ளம் மாதிரியோ இருக்கும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை ஆகிவிடும். செங்கல் சிவக்கவில்லை, கரி இல்லை, உட்புறம் வழவழப்பாகப் பூசியிருக்கிறது, ஒரு முனையில் மாடு ஏறி வடிந்து நிற்க சாய்தளம் என்றால் கையை எடுத்துவிட்டு மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முடிவு வரும்வரை பக்கத்தில் தோண்டக் கூடாது, அங்கே உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது.

பெரிய இரும்பு ஏதேனும் கிடைத்தால் தூக்குமுன் எடையைக் கணக்கிடுங்கள். 60 சென்டிமீட்டர் விட்டம், 1.2 மீட்டர் நீளமுள்ள திண்மையான வார்ப்பிரும்பு உருளை ஏறத்தாழ 2.4 டன். கண்ணுக்கு முழுசாகத் தெரிந்தாலும் மண்ணில் கிடந்த வார்ப்பிரும்பு மேற்புறத்திலிருந்து உள்நோக்கி இரும்பு கரைந்து, கிராஃபைட் மிஞ்சி, கத்தியால் சீவும் அளவுக்கு மென்மையாகியிருக்கலாம், கயிறு போட்டுத் தூக்கினால் அறுந்து விழும். கடற்காற்று உப்பு ஏறிய சிறு இரும்புப் பொருளைத் தண்ணீரில் கழுவி வெயிலில் காய வைப்பது அடுத்த தவறு. சில மாதங்களில் தகடு தகடாக உரிந்துவிடும். ஈரப்பதம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப்புகாத பெட்டியில் வைத்து, உப்பு நீக்கும் வேலையைப் பாதுகாப்பு வல்லுநரிடம் விடுங்கள்.

இத்தனையும் ஆலைக் கட்டடம். ஆனால் கோயில் குழு ஒன்று கேட்கும்போது, ஆலையோடு நிறுத்தினால் பாதி வேலைதான். உருளைக்குக் கரும்பு ஊட்டியவர்களும் கொப்பரையில் அகப்பை போட்டவர்களும் இருந்த லயம் எங்கே? (இங்கே அதைப் பெரும்பாலும் பாரக்ஸ் என்றுதான் சொல்வார்கள்.) அது ஆலையின் புகை அடிக்காத பக்கம், தண்ணீருக்கு அருகே, பொதுவாகச் சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும். பழைய மாமரம், புளி, முருங்கை, கறிவேப்பிலைப் புதர் ஒன்றாக நிற்கும் இடம் நல்ல அடையாளம். ஒதுக்குப்புறத்தில் கறிவேப்பிலை தானாக முளைத்த காட்டைப் பார்த்தால் வெட்டாதீர்கள், குறியுங்கள்.

லயத்தில் தோண்டும் முறையே வேறு. ஆலையில் மண்ணை மாதிரிக்கு மட்டும் சலித்தால் போதும். இங்கே எல்லா மண்ணையும் 3 மில்லிமீட்டர் சல்லடையில். அறைக்குள் அதிகம் கிடைக்காது, ஏனென்றால் நம் வீட்டுப் பெண்கள் தினமும் பெருக்கினார்கள். பெருக்கிய தூசி போய்ச் சேர்ந்த இடம் வாசலின் ஓரமும் கூரைத் தண்ணீர் சொட்டிய கோடும். வளையல் துண்டும் பொத்தானும் காசும் அங்கேதான். சாணம் மெழுகிய தரை என்றால் மில்லிமீட்டர் கனத்தில் பல அடுக்காக இருக்கும், மண்வெட்டி அதை ஒரே வீச்சில் அழித்துவிடும். ஒரு தகரப் பெட்டியை அழுத்தி முழுத் துண்டாக வெட்டி எடுத்து நுண்ணோக்கிக்கு அனுப்பினால் எத்தனை முறை மெழுகினார்கள் என்று எண்ணலாம். அடுப்புச் சாம்பலில் குறைந்தது 10 லிட்டர் எடுத்து நீரில் மிதக்கவிடுங்கள். கருகிய அரிசி, மிளகாய் விதை, மீன் முள் கிடைக்கும். கண்ணாடி வளையல் துண்டின் வளைவை வட்டத் தாளில் வைத்து விட்டம் பாருங்கள். குழந்தை வளையலா பெரியவர் வளையலா என்று தெரியும். கப்பல் பதிவேட்டில் அந்த முதலாளியின் பெயருக்கு நேரே குழந்தைகள் எத்தனை என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க இது ஒரு வழி. உடைந்த அம்மியோ குழவியோ கிடைத்தால் அரைத்த முகத்தைக் கழுவாதீர்கள், மாவுத் துகள் அதில் ஒட்டியிருக்கும். பித்தளைச் செம்பையும் புளி போட்டு விளக்க வேண்டாம். பார்க்க ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் உள்ளே படிந்ததெல்லாம் போய்விடும்.

லயம் தெரிந்துவிட்டால் இடுகாடு எங்கே என்ற கேள்வியும் வரும். அந்த நாள்களில் தோட்டங்களில் நம்மவர்களில் பலரைப் புதைத்தார்கள். தலைமாட்டில் ஒரு கல், கற்றாழை, கவிழ்த்த பாட்டில் தவிர அடையாளம் இருக்காது. முறையான இடுகாட்டுக்கு வெளியே 60 ஆண்டு கடந்த கல்லறைகள் 36ஆம் பிரிவின் கீழ் வரும். எலும்பு என்று சந்தேகம் வந்தால் அந்த நொடியே நிறுத்தி, மேலே துணியும் மண்ணும் மூடி, காவல்துறைக்கும் அமாஃபாவுக்கும் சொல்ல வேண்டும். எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்பது இல்லை. மரத்தடியில் மஞ்சள் பூசிய கல் ஒன்று இன்னும் பூசை கண்டுகொண்டிருந்தால் அது தொல்பொருள் அல்ல, தெய்வம். அதைச் சுற்றிக் குழி போட வேண்டாம்.

நாள் கணக்கு: 30க்கு 40 மீட்டர் ஆலைப் பகுதியும் லயத்தில் இரண்டு மூன்று அறைகளும் என்றால் ஆறு முதல் எட்டுப் பேர் நாலு வாரம் களத்தில். அதன் பிறகு கழுவுதல், எண்ணிடுதல், வரைதல், அறிக்கை எல்லாம் களத்தில் ஆன நாளைப்போல் குறைந்தது மூன்று மடங்கு. பணம் ஒதுக்கும்போது இந்த மூன்று மடங்கை மறப்பதுதான் எல்லாக் குழுக்களும் செய்யும் தவறு. பிறகு பெட்டிகள் வருடக்கணக்கில் யார் வீட்டுக் கராஜிலோ தூங்கும். அனுமதியும் ஆவண வேலையும் சில மாதம் எடுக்கும், எனவே அடுத்த மே மாதத்துக்கு இப்போதே ஆள் பாருங்கள். பொருள்கள் அருங்காட்சியகத்துக்குப் போனாலும் மண்டபத்தில் காட்சிக்கு வைக்க இரவல் கேட்கலாம். பூட்டும் கண்ணாடிப் பெட்டியும் வெயில் படாத சுவரும் இருந்தால் கேட்பது எளிது.

தோண்டியதைத் திறந்தபடி விடக் கூடாது. வெயிலும் மழையும் இரண்டே பருவத்தில் புகைப்பாதையின் செங்கல்லைப் பொடியாக்கும். தரையின்மேல் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் 10 சென்டிமீட்டர் சுத்தமான மணல், பிறகு சலித்த மண். அடுத்து வருபவர் துணியைக் கண்டதும் நின்றுவிடுவார். வெளியே தெரியும்படி விடவேண்டிய சுவர்களைச் சுண்ணாம்பு ஒன்றுக்கு மணல் மூன்று என்ற காரையால் மட்டும் பூசுங்கள். சிமென்ட் போட்டால் உள்ளே ஏறிய ஈரமும் உப்பும் வெளியேற வழியில்லாமல் பழைய செங்கல்லின் முகத்தையே பிய்த்துக்கொண்டு விழும்.

மண்டபத்தின் வரைபடத்தை இன்னும் நகர்த்த முடியுமானால், புகைபோக்கியும் போல்ட் மேடையும் நிற்கும் மூலையில் அடித்தளம் போடாமல் வாகன நிறுத்தத்தை அங்கே வையுங்கள். தோண்டாமல், மண் கொட்டி உயர்த்தி, மேலே சரளை. கழிவுநீர்த் தொட்டியை மட்டும் லயத்துப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஒரே தொட்டிக்கு வெட்டும் குழி மூன்று அறைகளை விழுங்கிவிடும்.